ஒற்றைப் படியின் வரலாறு

ஏ.கே. செட்டியார் என்றதும் தமிழ் வாசகர்க்குப் பயண இலக்கியமும் ‘குமரி மலர்’ இதழுமே முதலில் நினைவுக்கு வரும். காந்தியடிகளைப் பற்றி அவர் எடுத்த ஆவணப் படம் பலருக்குச் செவிவழிச் செய்தியாக மட்டுமே தெரியும். அப்படம் எடுக்கப்பட்ட கதையும், பின்னர் அது காணாமற்போன கதையும் இன்று கணினியின் முன்னமர்ந்து வீடியோ தொகுக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியவை என்பது நம் எண்ணம். செட்டியார் நம் பக்கத்து மனிதர் என்பதும் ஒரு காரணம். 1911இல் அவர் பிறந்த கோட்டையூர் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் மாவட்டம் பிரிந்தபோதுதான் அப்பகுதி வேறாயிற்று.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்ற அவர், 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். அதன் பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றினார். உலகின் பல மூலைகளில், பல கேமராக்காரர்கள் பல ஆண்டுகளாக எடுத்துவைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடிச் சேர்த்தார். சேர்ந்தது 50,000 அடி. அதிலிருந்து தொகுத்தது 12,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் திரையரங்குச் சுருள் என்ற கணக்கில் பார்த்தால், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட மூலத்திலிருந்து இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படம். 1940இல் தமிழ் விளக்கவுரையுடன் திரையிடப்பட்டது. தொடர்ந்து தெலுங்கிலும், விடுதலையை ஒட்டி இந்தியிலும், 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வடிவங்கள் வந்தன.

இத்தனைக்குப் பிறகும் அப்படம் காணாமற்போயிற்று. நெடுங்காலம் ஒரு படியும் கைக்கு எட்டவில்லை. வரலாற்றறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதன் சுவட்டைப் பல ஆண்டுகள் தேடி, ஆங்கிலச் சுருக்க வடிவத்தின் படியொன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதைக் கண்டறிந்தார். படத்தை எடுத்த அனுபவத்தைச் செட்டியார் எழுதிய கட்டுரைகளோ, ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக அவருடைய பதிப்பில் வெளிவந்து எளிதில் கிடைக்கின்றன. படம் போயிற்று; படத்தைப் பற்றிய எழுத்து நின்றது. ஆயிரக்கணக்கான அடிப் படச்சுருளைவிட ஒரு மாத இதழ் நீண்ட ஆயுள் பெற்றதற்குக் காரணம் காகிதத்தின் வலிமையன்று. இதழ் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சென்றது; சுருள் சில பெட்டிகளில் மட்டும் இருந்தது. இதுவே வேற்றுமை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. துண்டுகள் உலகெங்கும் சிதறிக் கிடந்தவரையில் அவற்றை ஒருங்கே அழிக்க எவராலும் முடியாது. ஓரிடத்தில் திரட்டியபோதுதான் அவற்றுக்கு அழகும் பொருளும் வந்தன. ஒருசேரத் தொலையும் வாய்ப்பும் அப்போதுதான் வந்தது. தொகுப்பு என்னும் செயலுக்கே இந்த ஆபத்து உடன்பிறந்தது.

*

தமிழ் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வளையாபதியின் ஏட்டைத் தம் இளமையில் பார்த்ததாகவும், பின்பு தேடியபோது அது கிட்டவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் குறிப்பிட்டிருக்கிறார். ஒரு தலைமுறைக்குள் நடந்த இழப்பு அது. இன்று நாம் படிக்கும் வளையாபதிப் பாடல்கள் சுமார் 72, குண்டலகேசிப் பாடல்கள் 19. இவையும் பிறர் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும், ‘புறத்திரட்டு’ போன்ற தொகை நூல்களில் சேர்ந்தமையாலுமே பிழைத்தன. ஏட்டுச் சுவடிக்குக் கரையான், பூச்சி, ஈரம் என்று பகை பல. ஆகவே பழுதாகுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதும் வழக்கம் இருந்தது. பெயர்த்தெழுதுவோர் இருந்த நூல்கள் வாழ்ந்தன. ஒற்றை ஏட்டில் நின்றவை போயின. சீவக சிந்தாமணியை 1887இல் ஐயர் பதிப்பிக்க முடிந்ததற்கு, ஒப்புநோக்கப் பல ஊர்களிலிருந்து பல பிரதிகள் கிடைத்ததும் காரணம். ஒன்றில் சிதைந்த வரி மற்றொன்றில் நின்றது.

படச்சுருளின் கதை ஏட்டைவிடக் கொடியது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று நமக்குக் கிடைப்பதில்லை. நடராஜ முதலியாரின் ஊமைப் படமான ‘கீசகவத’மும் இல்லை. அக்காலப் படங்கள் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகமே எஞ்சிய சாட்சி. அன்றைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்வந்த அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துக் காடி நாற்றமெடுத்துச் சுருங்கும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதற்குள் ஊமைப்பட உலகம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. 2003 ஜனவரியில் அதே புனேயில் நைட்ரேட் சுருள் வைத்திருந்த கிடங்கொன்று தீக்கிரையானது. காப்பகத்திலேயே இந்நிலை என்றால் மற்ற இடங்களைச் சொல்ல வேண்டியதில்லை.

*

இனி, நம் காலத்துப் பெட்டிக்கு வருவோம். தமிழ் இணைய அன்பர்கள் இதற்கு வன்தட்டு என்று நல்ல பெயர் வைத்தார்கள். இராமநாதபுரத்து ஸ்டூடியோக்காரர்கள் ஹார்டு டிஸ்க் என்றே சொல்கிறார்கள். நாமும் அவர்கள் சொல்லையே எடுத்தாளுகிறோம்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று சட்டைப் பையில் அடங்கும் பெட்டி அதனினும் பல லட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் அடிப்படைக் கோட்பாடு மாறவில்லை. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. அதன்மீது சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் படிப்புமுனை. ஓடும்போது பெட்டி கீழே விழுந்தால் முனை தட்டை உரசிவிடும். ‘டக் டக்’ என்னும் ஓசை கேட்டால் உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது எஞ்சியதையும் சுரண்டியெடுக்கும்.

முன்னறிவிப்பு வருமென்று காத்திருப்பதும் பயனற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓராண்டுக்கு உட்பட்ட டிஸ்க்குகளில் ஆண்டுக்கு 1.7 விழுக்காடு பழுதாயின. மூன்றாம் ஆண்டில் இருந்தவற்றில் அது 8 விழுக்காட்டைத் தாண்டியது. பழுதானவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை, டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துக் காட்டும் முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே நின்றுபோயின. மூன்றாண்டுப் பழக்கமான டிஸ்க்கை ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்று நம்புவோர் இந்த எண்களை நினைவிற்கொள்வது நன்று.

பொறி பழுதாவதைவிட முக்கியமானது தொழிலின் முறை மாறியது. இதைப் பலரும் கவனிக்கவில்லை என்பது நம் கருத்து. படச்சுருள் காலத்தில் எடிட்டர் வெட்டி ஒட்டியது ஒரு பிரதியைத்தான். மூல நெகட்டிவ் லேபில் இருந்தது. மினி டி.வி. கேசட் காலத்திலும் அப்படியே. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்றினால் சுமார் 13 ஜி.பி. ஆகும். டிஸ்க் கெட்டால் கேசட்டை எடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். நேரம் போகும்; படம் போகாது. மெமரி கார்டு வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. கார்டிலிருந்து டிஸ்க்குக்கு மாற்றியவுடன் அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டு அழிக்கப்படுகிறது. அந்த நொடியிலிருந்து மூலம் என்று தனியாக ஏதுமில்லை. டிஸ்க்கில் இருப்பதே மூலம், பிரதி, எல்லாம். எவரும் தீர்மானம் போட்டு இதைச் செய்யவில்லை. கேசட்டை வைக்கும் பீரோ காலியானது. அந்த இடத்தில் வேறு எதுவும் வைக்கப்படவில்லை. அவ்வளவே.

இயற்கையும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை, செண்டாய் அருகே சோனியின் டேப் ஆலையை முடக்கியது. உயர்தர வீடியோ டேப்புக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட, தயங்கி நின்றவர்களும் கோப்பு முறைக்கு மாறினர். அதே ஆண்டின் இறுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கி, டிஸ்க் விலை ஏறியது. இரண்டாவது டிஸ்க் வாங்க வேண்டிய வேளையில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள் நம் ஊர்ப்பக்கமும் உண்டு.

பெருநிறுவனங்கள் மட்டும் தப்பின என்று எண்ண வேண்டா. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் ஒரே கட்டளையால் அழியத் தொடங்கின. காப்புப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அது சில காலமாகவே சரியாக எழுதப்படவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த காலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காத்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்களாம். காப்பு எடுத்தோம் என்பது போதாது, அதைத் திறந்து பார்த்தோமா என்பதே கேள்வி என்று இச்சம்பவம் காட்டுகிறது.

*

தேவிபட்டினத்துக்கு வருவோர் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைக் காண வருகின்றனர். இராமபிரான் நவக்கிரகங்களாக நிறுவியவை என்பது தலபுராண மரபு. அங்கே நடக்கும் வழிபாடுகளையும், சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கந்தூரி அனைத்தையும் பதிவுசெய்வோர் இக்கரையில் வாழும் வீடியோ கலைஞர்கள்தாம். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும், முளைப்பாரிக் கும்மியும், மூத்தோர் பேச்சு வழக்கும் தற்செயலாக இவர்களுடைய கோப்புகளில்தான் அகப்பட்டிருக்கின்றன. கல்யாணத்துக்கு வந்த பாட்டி ஒருத்தி மைக்கைப் பிடித்துப் பாடிய நலுங்குப் பாட்டு எந்த நாட்டார் வழக்காற்றியல் துறையிலும் இராது. ஒரு ஸ்டூடியோவின் டிஸ்க்கில் இருக்கும். அவள் மறைந்தபின் அதைக் கேட்க வேறு வழியில்லை. இராமநாதபுரத்து வரலாற்றை எழுதப்போகும் நாளைய ஆய்வாளர்க்குச் செப்பேடும் கல்வெட்டும் தரமுடியாத சான்று இது.

அந்தச் சான்று எத்தகைய காற்றில் இருக்கிறது? உப்புக் காற்று, மின்வெட்டு, மேசை விளிம்பில் தொங்கும் கேபிள். ஈரமும் உப்பும் சேர்ந்தால் சர்க்யூட் பலகையின் இணைப்புகள் பச்சைபூத்து அரித்துப்போகும். சில கையடக்கப் பெட்டிகள் உள்ளிருப்பதைப் பூட்டெழுத்தாக மாற்றி வைக்கின்றன. இணைப்புப் பலகை போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டாலும் படிக்க இயலாது.

பீட்டர் கிரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் டிஜிட்டல் படங்களைப் பேணுவது குறித்து 2005இல் வெளியிட்ட நூலால் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்னும் விதி புகழ்பெற்றது. பிரதிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். இந்தக் கடைசி உறுப்புத்தான் நம் கரைக்கு முதன்மையானது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் அடித்த புயல் வீடு, கோயில், தேவாலயம், ரயில் என்று எதனையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்துத் தெருவில் வைத்த இரண்டாம் பிரதி அத்தகைய இரவுக்கு உதவாது. இரண்டு டிஸ்க்குகளைத் தாமாகவே ஒன்றுபோல் எழுதும் பெட்டிகளும் காப்பாகா. தவறாக அழித்தால் இரண்டிலும் ஒருசேர அழியும். எஸ்.எஸ்.டி. கீழே விழுந்தாலும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மின்சாரம் இன்றி ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அதில் உள்ளது மெல்லக் கசிந்துபோகக்கூடும். இணையச் சேமிப்பு நல்லதே. எனினும் ஒரு கல்யாணத்தின் முழு மூலத்தையும் இங்குள்ள இணைய வேகத்தில் ஏற்றுவது எளிதன்று. முடிந்த படத்தையும், தொகுப்புத் திட்டக் கோப்பையும், அரிய பகுதிகளையும் ஏற்றினால் போதும்.

ஆகவே செலவு பெரிதன்று. கார்டை அழிக்குமுன் இரண்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, இரண்டிலிருந்தும் சில காட்சிகளை ஓடவிட்டுப் பார்க்கலாம். இரண்டாவதை மதுரையிலோ திருச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருவோர் எடுத்துவந்து எடுத்துப்போக இயலும். ஒரு பிரதியைக் கல்யாண வீட்டாருக்கே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. நான்கைந்து ஆண்டுக்கொருமுறை புதிய டிஸ்க்குக்குப் பெயர்த்துக்கொள்ள வேண்டும், நம் முன்னோர் ஓலை மாற்றியதைப்போல.

டிஸ்க்கின் மேல் ஒட்டும் சீட்டில் ‘கல்யாணம் 14’ என்று எழுதாமல், ஊர், நாள், பாடியவர் பெயர், என்ன பாட்டு என்று எழுதி, அதையே ஒரு நோட்டிலும் குறித்து வைக்குமாறு இத்தொழிலிலிருக்கும் நம் பழைய மாணவர்களிடம் சொல்லிவருகிறோம். ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி 2016 முதலான வேலைகளைப் பதிந்து முடித்திருக்கிறார்; எட்டு அம்பாப் பாட்டுகள் இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரியவந்தது.