இன்ஸ்டிடியூட் ஹாலில் ஒரு சனி இரவு

நம்மிடையே மேல்நாட்டு சங்கீதத்தைப் பற்றிய விவாதம் எப்போதுமே மயிலாப்பூருக்கும் பாரிஸுக்கும் நடுவில்தான் நடக்கிறது. ஜெயகாந்தனின் 'பாரிசுக்குப் போ' நாவலில் சாரங்கனும் அவன் தகப்பனார் சேஷையாவும் மோதிக்கொள்வது இந்த மைதானத்தில்தான். அந்த நாவல் வந்த 1960களில், சென்ட்ரலிலிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லாத அரக்கோணத்தில், ஃபயர்மேன்களும் ஃபிட்டர்களும் கார்டுகளும் சனிக்கிழமை இரவுகளில் அதே சங்கீதத்தின் ஜனரஞ்சக ரூபத்தை வாசித்து ஆடிக்கொண்டிருந்தார்கள், யாருடைய அனுமதியையும் கேட்காமல். இது நம் விமர்சகர்கள் கண்ணில் படவில்லை. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்காவிட்டால் என் கண்ணிலும் பட்டிருக்காது.

நவம்பர் மாதம் எங்கள் கிளைக்கு ரயில்வே பென்ஷன்காரர்கள் தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க வருவார்கள். இப்போது அதற்கு விரல்ரேகை இயந்திரம் இருக்கிறது. எண்பதைக் கடந்த ஒரு பெரியவருக்கு ரேகை விழவில்லை. கரியும் ஷவலும் தேய்த்துவிட்ட விரல்கள். மூன்று தரம் துடைத்துப் பார்த்தும் பலனில்லை. காத்திருந்த நேரத்தில் கவுண்டர் பலகையில் இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் ஒரே சீராக இருந்தது. நடுவில் எங்கோ ஒரு அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பிடித்தார். "டிரம்ஸ் வாசிப்பீர்களா?" என்று கேட்டேன். "வாசிச்சேன் தம்பி" என்றார். தமிழ் சினிமா சட்டைக்காரர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் 'மேன்' என்ற சொல்லை அவர் என்னிடம் ஒரு தடவைகூட உபயோகித்ததில்லை.

கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அரக்கோணம் வழியாகத்தான் போயிற்று. பிறகு இங்கிருந்து வடமேற்கே பிரிந்த பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்க் கம்பெனியின் பாதையோடு சேர்ந்தது. அதற்கப்புறம் அரக்கோணம் வெறும் ஸ்டேஷனல்ல, ஜங்ஷன். செங்கல்பட்டிலிருந்து தெற்குக் கம்பெனியின் மீட்டர் கேஜ் வந்து முட்டியது. 1908-க்குப் பின் மெட்ராஸ் அண்ட் ஸதர்ன் மராட்டாவின் அகல ரயிலும் தெற்குக் கம்பெனியின் குறுகிய ரயிலும் ஒரே ஊரில் எதிரெதிராக நின்றன. 1951-ல்தான் இரண்டும் ஸதர்ன் ரயில்வே என்ற ஒரே குடைக்குள் வந்தன. இஞ்சின் நிற்கிற இடத்தில் ஆளும் தங்க வேண்டும். 1857-க்குப் பிறகு ரயிலையும் தந்தியையும் யாரை நம்பி விடுவது என்று வெள்ளைக்காரன் யோசித்தபோது, தன் ரத்தம் பாதி ஓடிய ஜனத்தைத் தேர்ந்தெடுத்தான். மேலே ஏறவும் விடவில்லை, கீழே இறங்கவும் விடவில்லை. காலனி, பள்ளிக்கூடம், சர்ச், இன்ஸ்டிடியூட் என்று வேலி போட்டுக் கொடுத்தான். பெரிய ஜங்ஷன்களில் ஐரோப்பியருக்கு ஒரு இன்ஸ்டிடியூட், இந்தியருக்கு ஒன்று என்பது வழக்கம். சட்டைக்காரர்கள் முதலாவதில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் அதன் பெயர்ப் பலகை குறித்த மனிதர்கள் அவர்களல்ல.

அந்த ஹாலைப் பற்றிப் பெரியவர் மூன்று நவம்பர்களில் என்னிடம் சொன்னது இது. மரப்பலகைத் தரை. ஆட்டத்துக்கு முன் பையன்கள் அதில் பவுடர் தூவிச் சறுக்கிச் சறுக்கி மெருகேற்றுவார்கள். பாட்டிகள் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்வார்கள்; எந்தப் பெண் எவனோடு எத்தனை ஆட்டம் ஆடினாள் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும். கைக்குழந்தைகள் மேடைக்குப் பின்னால் பெஞ்சில் தூங்கும். பாண்டு என்றால் ஒரு சாக்ஸஃபோன், ஒரு கிதார், ஒரு டபுள் பாஸ், இவர். எல்லோரும் ரயில்வே. பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் பெரம்பூரிலிருந்து ஒரு டிரம்பெட்காரர் பாசஞ்சரில் வந்து இறங்குவார்.

நீராவிக் காலத்தில் டியூட்டிக்கு ஆள் அழைக்க ஷெட்டிலிருந்து ஒரு பையன் புத்தகத்தோடு வருவான். கால் பாய் என்று பெயர். வீட்டில் இல்லையென்றால் நேரே இன்ஸ்டிடியூட்டுக்கு வந்துவிடுவான். வால்ட்ஸ் நடந்துகொண்டிருக்கும், பையன் மேடையோரம் ஏறி லாந்தரைத் தூக்கிப் பிடித்துப் புத்தகத்தை நீட்டுவான், இவர் இடது கையால் தாளத்தை விடாமல் வலது கையால் கையெழுத்துப் போடுவார். ஜோலார்ப்பேட்டை கூட்ஸ். அந்தப் பாட்டு முடிந்ததும் குச்சிகளை யாரிடமாவது கொடுத்துவிட்டு, டை கட்டிய சட்டையின் மேலேயே நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு இஞ்சினுக்குப் போய்விடுவார். அதனால் அந்தப் பாண்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறைந்தது இரண்டு பேர் உண்டு. நிரந்தரக் கலைஞன் என்று ஒருவனும் கிடையாது.

பாட்டுகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் ரேடியோ சிலோனிலிருந்து. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆசியாவில் சண்டையிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகக் கொழும்புக்குப் பக்கத்தில் ஏகலையில் நட்ட நூறு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர், யுத்தம் முடிந்து 1949-ல் சிலோன் சர்க்காரிடம் வந்தது. 1952-ல் மந்திரி கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியபோது தேசம் முழுதும் கொழும்பைத் திருப்பியது நமக்குத் தெரியும். அதே அலைவரிசையில் இங்கிலீஷ் பாட்டும் வந்தது. ஒரு பாட்டை ஒரு வாரத்தில் இரண்டு தடவை கேட்க முடிந்தால் அதிர்ஷ்டம். ஒருத்தர் மெட்டைப் பிடிப்பார், ஒருத்தர் வார்த்தைகளை எழுதுவார், காதில் விழாத வரிக்குச் சொந்த வரி. 1936-ல் மதராஸில் பிறந்த ஆர்னால்ட் டார்ஸி சிறு வயதில் இங்கிலாந்து போய், 1960களில் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார். அவர் பாட்டை அரக்கோணத்தில் சீமைப் பாட்டாக வாசித்திருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். நான் பெரியவரிடம் சற்று மேதாவித்தனமாகவே கேட்டேன்: "அப்படியானால் நீங்கள் வாசித்ததெல்லாம் நகல்தானே, அங்கிள்?" அவர் கோபப்படவில்லை. "ரெக்கார்டுல இருபது பேர் வாசிப்பான். நாங்க நாலு பேர். மீதி பதினாறு பேரோட வேலையை யார் பண்ணது?" என்றார்.

சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தது 1959-ல். அந்தப் பக்கங்களில் வந்த கவிதைகளை எலியட்டின் நகல், பவுண்டின் நகல் என்று பண்டிதர்கள் ஏசினார்கள். நாம் பதில் சொன்னோம், இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விட்மனைப் படித்துவிட்டுப் பிச்சமூர்த்தி வசன கவிதைக்குப் போனதை ஒரு ஆரம்பமாகக் கொண்டாடுகிற நாம், அதே காலத்தில் ஒரு ரயில்வே ஹாலில் நடந்ததைப் போலித்தனம் என்று ஒதுக்குவதற்கு என்ன நியாயம்? பதினாறு பேரின் வேலையை நம் கவிஞர்களில் எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சௌகரியமாக இல்லை.

சினிமாவின் பாபம் வேறு. கோடம்பாக்கத்து வாத்தியக்காரர்களில் கிதார், சாக்ஸஃபோன், டிரம்பெட் வாசித்தவர்களில் கணிசமானோர் சட்டைக்காரர்களும் கோவாக்காரர்களும். அவர்கள் வாசிப்பின் மேல்தான் 'கிளப் டான்ஸ்' என்கிற காட்சியை நம் படங்கள் கட்டின: வில்லன், கண்ணாடி டம்ளர், கெட்டுப்போன பெண். பாட்டிகள் ஆட்டக் கணக்கு வைத்திருந்த ஹால் எந்தப் படத்திலும் இல்லை. இலக்கியத்தில் அசோகமித்திரன் ஒருவர். 'பதினெட்டாவது அட்சக்கோ'ட்டில் செகந்திராபாத் லான்ஸர் பாரக்ஸின் சட்டைக்காரக் குடும்பங்கள் அண்டைவீட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள். அவ்வளவுதான் நமக்கு வாய்த்தது. (இதே பாதையில் மேற்கே போனால் வாணியம்பாடி. தோல் ஷாப்புக்காரர்கள் புரவலர்களாக இருந்து உருது முஷாயிரா நடந்த ஊர். அதையும் நாம் எழுதவில்லை.)

அரசியல் சட்டத்தின் 336-ஆம் ஷரத்து ரயில்வே, கஸ்டம்ஸ், தபால் தந்தி வேலைகளில் அவர்களுக்கிருந்த சலுகையை இரண்டு வருஷத்துக்கொரு தரம் பத்து சதவீதம் குறைத்துப் பத்தாம் வருஷத்தில், 1960-ல், முடித்துவிட்டது. பெரியவர் வேலையில் சேர்ந்தது அந்த விளிம்பில். தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியா வெள்ளையர் கொள்கையைத் தளர்த்திய 1966-க்குப் பிறகு குடும்பம் குடும்பமாகப் பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் போனார்கள். முதலில் சாக்ஸஃபோன் போயிற்று, பிறகு டபுள் பாஸ். 1980களின் ஆரம்பத்தில் மின்சாரக் கம்பி அரக்கோணத்தை எட்டியது. 2020 ஜனவரியில் பார்லிமெண்டின் நியமன ஸ்தானங்களும் ரத்தாயின.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் கடைசியில் பெரியவர் என்னை ஒரு ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். நூறு பேர் இருக்கலாம், பாதிப் பேர் லீவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். தரை இப்போது டைல்ஸ். பவுடர் போட்டால் விழுந்துவிடுவார்கள். வாடகைக்கு வந்த பாண்டில் கீபோர்டே பாதி வாத்தியங்களை வாசித்துவிட்டது. தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் இருந்தன. நடுவில் ஹௌஸி. நான் ஆடவில்லை, எனக்கு ஆடத் தெரியாது. இலக்கியவாதிக்குரிய அசௌகரியத்தோடு சுவரோரம், பாட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்களில் ஒருத்தி என்னிடம் சுத்தமான வடார்க்காட்டுத் தமிழில், "ஏம்பா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டாள்.

பதினோரு மணிக்கு மேல் பெரியவரை டிரம்ஸில் உட்கார வைத்தார்கள். வால்ட்ஸ். கவுண்டரில் கேட்ட அதே விடுபட்ட அடி. பாஸ் கிதார் வாசித்த இளைஞன் பெரியபாளையத்துக்காரன், அசிஸ்டன்ட் லோகோ பைலட், அன்று மாற்று ஆளாக நின்றிருந்தான். பாட்டின் நடுவில் அவன் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவன் பெரியவரைப் பார்த்தான். பெரியவர் தாளத்தை விடாமல், தலையசைத்து, கீழே நின்றிருந்த இன்னொரு பையனைக் குச்சியால் சுட்டிக் காட்டினார்.