உப்பு மிளகாய் இட்ட பழங்கள்

உப்பு மிளகாய் இட்ட பழங்கள் என்பவை, நறுக்கிய பழத்தின் மீதோ முற்றாத காயின் மீதோ உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, சமைக்காமல் உண்ணப்படும் சிற்றுண்டி வகை ஆகும். தமிழ்நாடு முழுவதும் இவ்வழக்கம் காணப்படுகிறது. வெப்ப மண்டலப் பழங்களும் குளிர்ப் பகுதிப் பழங்களும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்து விளையும் நீலகிரி மாவட்டத்தில், இவ்வாறு உண்ணப்படும் பழங்களின் வகைகள் மிகுதி. இனிக்க வேண்டிய பழத்தில் உப்பும் காரமும் சேர்வது, இவ்வழக்கத்தில் வளராதவர்களுக்கு வியப்பையும் சில வேளைகளில் அருவருப்பையும் தருகிறது. ஆயினும் இச்சேர்க்கைக்கு நாவின் இயல்பு சார்ந்த தெளிவான காரணங்கள் உள்ளன. உலகின் பல பகுதிகளில் இதனை ஒத்த வழக்கங்களும் உள்ளன.

உண்ணும் முறை

மாங்காய், அன்னாசி, கொய்யா, நெல்லிக்காய், வெள்ளரிக்காய் ஆகியவை இவ்வாறு பெரிதும் உண்ணப்படுகின்றன. மாங்காயை அடிப்பகுதி விடாமல் கீறி, பூப்போல விரித்து, கீறலுக்குள் உப்பு மிளகாய்த் தூளைத் தடவித் தருவது தெருவோர வணிகர்களின் வழக்கம். கொய்யாவை நான்காகப் பிளந்து நடுவில் தூள் வைக்கின்றனர். அன்னாசியை வில்லைகளாகவோ நீளத் துண்டுகளாகவோ நறுக்கித் தூவுகின்றனர்.

உதகமண்டலத்தில் படகு இல்லம், தாவரவியல் பூங்கா ஆகியவற்றைச் சுற்றியுள்ள கடைகளில் மாங்காய், அன்னாசி ஆகியவற்றுடன் மலையில் விளைந்த காரட்டும் இவ்வாறு விற்கப்படுகிறது. வேகவைத்த மக்காச்சோளக் கதிரின் மீது எலுமிச்சைத் துண்டால் உப்பும் மிளகாய்த் தூளும் தேய்த்துத் தருவதும் இதே முறையைச் சார்ந்தது. வீடுகளில் புளிப்பான பிளம்ஸ், முற்றாத பேரிக்காய் போன்றவற்றை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு உண்பதுண்டு. தாட்பூட் பழத்தை இரண்டாக வெட்டி, உள்ளிருக்கும் சதையில் சிலர் சர்க்கரையும் சிலர் உப்பும் மிளகாய்த் தூளும் இட்டுக் கரண்டியால் உண்கின்றனர்.

நீலகிரியில் பழங்கள்

மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு மலையடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து பர்லியாறு வழியாக ஏறும் மலைப்பாதை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரையும், பின்னர் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தையும் அடைகிறது. இக்குறுகிய தொலைவுக்குள் தட்பவெப்பம் முற்றிலும் மாறுகிறது. கீழ்ச்சரிவுகளில் மங்குசுத்தான், துரியான், ரம்புத்தான், பலா முதலியனவும், மேற்பகுதியில் பேரி, பிளம்ஸ், பீச் முதலியனவும் விளைகின்றன.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 இல் இம்மலைக்கு வந்தார். அதன் பின்னர் ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் இங்கு பயிரிடப்பட்டன. உதகமண்டலம் தாவரவியல் பூங்கா 1848 இலும், பர்லியாறு தோட்டக்கலைப் பண்ணை 1871 இலும், குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874 இலும், கல்லாறு பழப்பண்ணை 1900 இலும், குன்னூர் பழவியல் நிலையம் 1920 இலும் தொடங்கப்பட்டன. சிம்ஸ் பூங்காவில் கோடை விழாவையொட்டி ஆண்டுதோறும் பழக் கண்காட்சி நடைபெறுகிறது.

மலையில் விளையும் எல்லாப் பழங்களும் இனிப்பானவை அல்ல. நீலகிரியின் பேரிக்காய்களில் பல கடினமானவை. அவற்றின் சதையில் உள்ள கல்லணுக்கள் காரணமாகக் கடிக்கும்போது மணல் போன்ற நறநறப்பு உண்டாகிறது. பிளம்ஸ் பழத்தின் தோலை ஒட்டிய பகுதி புளிப்பும் துவர்ப்பும் மிக்கது. மரத்தக்காளியும் அத்தகையதே. பழுக்கும் முன்பே பறித்தவையும் காற்றில் உதிர்ந்தவையும் வீணாகாமல் உண்ணத் தக்கவையாக மாறுவதற்கு உப்பும் மிளகாயும் உதவுகின்றன. இதுவே இவ்வழக்கத்தின் நடைமுறைப் பயன் எனலாம்.

சேர்க்கையின் தோற்றம்

இன்று தமிழ் மண்ணுக்கே உரிய சுவையாகக் கருதப்படும் இச்சேர்க்கையின் கூறுகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவையாகும். மிளகாய், அன்னாசி, கொய்யா, தாட்பூட் பழம், மரத்தக்காளி ஆகிய ஐந்தும் அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்டவை. மிளகாயும் அன்னாசியும் 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவை அடைந்தன. அதற்கு முன் காரத்துக்குக் கறிமிளகே பயன்பட்டது. மிளகாய் என்னும் பெயரே மிளகு, காய் என்னும் சொற்களின் சேர்க்கையால் அமைந்ததாகும். பீச் சீனாவைத் தாயகமாகக் கொண்டது. மா, நெல்லி, வெள்ளரி ஆகியவை தொன்று தொட்டு இந்நாட்டில் விளைந்து வருபவை.

உப்பும் மலையில் கிடைப்பதன்று. சமவெளியிலிருந்து மேலே கொண்டு வரப்பட்டதாகும். அதற்கு இருந்த மதிப்பைத் தோடர் வழக்கங்களில் காணலாம். தோடர்கள் தம் எருமைகளுக்கு உப்பு நீர் அளிப்பதைச் சடங்காகவே செய்வதை, டபிள்யூ. எச். ஆர். ரிவர்சு 1906 இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

சுவையின் அறிவியல்

உப்பு, பழத்துக்கு உவர்ப்பை மட்டும் தருவதில்லை. அதிலுள்ள சோடியம் அயனிகள் கசப்புச் சுவையை அடக்குகின்றன. கசப்பு அடங்கும்போது அதனால் மறைக்கப்பட்டிருந்த இனிப்பு வெளிப்படுகிறது. பால் பிரசிலின், கேரி பியூசாம்ப் ஆகியோர் 1997 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கியது. சர்க்கரை சேர்க்காமலே மாங்காயும் கொய்யாவும் சற்று இனிப்பதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாகும். மேலும், ஊடுபரவல் காரணமாக உப்பு பழத் துண்டிலிருந்து சாற்றை வெளியே இழுக்கிறது. தூவிய சிறிது நேரத்தில் துண்டின் மீது ஈரம் படர்வது இதனாலேயே.

காரம் என்பது நாவின் சுவைமொட்டுகள் அறியும் சுவையன்று. அது வலியும் வெப்பமும் சார்ந்த உணர்வாகும். மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் சேர்மம், நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி1 என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் இதே ஏற்பியைத் தூண்டுவதால், மிளகாய் வாயை எரிப்பதாக மூளை உணர்கிறது. இந்த ஏற்பியை 1997 இல் கண்டறிந்த குழுவின் தலைவரான டேவிட் சூலியசு, 2021 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். அமிலமும் இவ்வேற்பியைத் தூண்ட வல்லது. ஆகவே புளித்த பழத்தில் மிளகாய் சேரும்போது உறைப்பு மிகுவதாக உணரப்படுகிறது.

பிற இடங்களில்

* கேரளம்: நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி முதலியவற்றை உப்பு நீரில் ஊறவைத்து உண்பர். கோழிக்கோடு கடற்கரைக் கடைகள் இதற்குப் பெயர் பெற்றவை.
* இலங்கை: அம்பரெல்லா, அன்னாசி, மாங்காய் ஆகியவற்றில் மிளகாய், உப்பு, சர்க்கரை, வினாகிரி சேர்த்து அச்சாறு செய்யப்படுகிறது.
* தாய்லாந்து: கொய்யா, மாங்காய் ஆகியவை உப்பு, சர்க்கரை, மிளகாய் கலந்த தூளுடன் உண்ணப்படுகின்றன.
* பிலிப்பீன்சு: மாங்காயுடன் நொதிக்கவைத்த இறால் விழுது தொட்டுக்கொள்ளப்படுகிறது.
* சப்பான்: தர்ப்பூசணியின் மீது உப்புத் தூவுவர்.
* மெக்சிக்கோ: மாம்பழம், அன்னாசி முதலியவற்றில் மிளகாய்த் தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்ப்பர். நீலகிரி வழக்கத்துக்கு மிக நெருங்கியது இதுவே.

பிறரின் எதிர்வினை

பழத்தை உணவின் இறுதியில் உண்ணும் இனிப்பாகக் கொள்ளும் பண்பாடுகளில், அதன் மீது மிளகாய்த் தூள் தூவுவது பழத்தைக் கெடுப்பதாகத் தோன்றுகிறது. இவ்வெதிர்வினை ஒருவழிப்பட்டதன்று. இத்தாலியர் முலாம்பழத் துண்டைப் பதப்படுத்திய பன்றி இறைச்சியுடன் உண்பதும், இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியினர் பழக் கேக்குடன் பாலாடைக்கட்டி உண்பதும் தமிழர் பலருக்கு அதே அளவு வியப்பைத் தருவனவாகும்.

இத்தகைய வேறுபாடுகள் நாடுகளுக்கிடையே வேடிக்கையான சர்ச்சையாக மாறியதும் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1962 இல் சாம் பனோபுலோசு என்பவர் பீட்சாவின் மீது அன்னாசியை இட்டார். அவ்வுணவைத் தம்மால் இயலுமானால் தடை செய்வதாக ஐசுலாந்து குடியரசுத் தலைவர் குவுட்னி யோகன்னசன் 2017 இல் மாணவரிடையே கூறியது உலகச் செய்தியாயிற்று. தமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்றும், அது நல்லதே என்றும் அவர் பின்னர் விளக்கமளித்தார். நீலகிரியின் முதன்மைப் பயிரான தேயிலையும் இதற்கு விலக்கன்று. தேநீரில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்புக் குறையும் என்று அமெரிக்க வேதியியலாளர் மிச்சல் பிரான்கில் 2024 சனவரியில் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். இதற்குப் பிரித்தானியாவில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, இது தம் நாட்டின் கொள்கையன்று என இலண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகம் நகைச்சுவையாக அறிக்கை வெளியிட்டது. பழத்தில் உப்பு செய்யும் அதே வேலையையே தேநீரிலும் அது செய்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

காரத்தை விரும்புதல் பிறவியில் வருவதன்று. பால் ரோசின், டெபோரா சில்லர் ஆகியோர் 1980 இல் வெளியிட்ட ஆய்வு, மெக்சிக்கோவில் குழந்தைகள் மூத்தோர் உண்பதைப் பார்த்து, கட்டாயமின்றிப் படிப்படியாக மிளகாயை விரும்பத் தொடங்குவதை எடுத்துக்காட்டியது. பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றைப் பகிர்ந்து உண்ணும் தமிழ்நாட்டுச் சிறுவரிடமும் இத்தகைய பழக்கமே நிகழ்கிறது. எனவே ஒரு சேர்க்கையை விந்தையானது என்று கூறுவது, அவ்வுணவைப் பற்றிய செய்தி என்பதைவிடக் கூறுபவர் எங்கு, யாருடன் உண்டு வளர்ந்தார் என்பது பற்றிய செய்தியே எனலாம்.

உடல்நலம்

வளர்ந்தோர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அன்றாட உணவில் ஏற்கெனவே உள்ள உப்புடன் பழத்தின் மீது தூவுவதும் சேர்வதால், உயர் இரத்த அழுத்தம் உடையோர் இதனைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரைப்பைப் புண், நெஞ்செரிச்சல் உடையோருக்குப் புளிப்பும் காரமும் தொல்லை தரக்கூடும். புளித்த பழங்களை அடிக்கடி உண்பது பல்லின் மிளிரியை அரிக்கிறது. உண்டபின் வாய் கொப்பளிப்பது பயன் தரும்.

நறுக்கிய பழத்தில் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகும். மலையின் குளிர் இதனை ஓரளவு தாமதப்படுத்தினாலும் முற்றிலும் தடுப்பதில்லை. மூடி வைக்கப்பட்ட, கண்முன்னே நறுக்கித் தரப்படும் பழத்தையே வாங்குவது பாதுகாப்பானது. மிளகாய்த் தூளில் செயற்கைச் சாயம் கலப்பது இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சிறு உணவு வணிகர்களும் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* மிளகாய்
* மாங்காய்
* நீலகிரி மாவட்டம்
* சிம்ஸ் பூங்கா
* அச்சாறு