அச்சத்தின் ஒப்பனை அறை

பேய்ப்படம் பார்த்துத் திரும்பும் மாணவனிடம், அப்பேயாக நடித்தவர் யாரென்று கேட்டுப் பாருங்கள். கதாநாயகனின் பிறந்தநாளை அறிந்தவன் பேயின் பெயரை அறியான். குற்றம் அவனுடையதன்று. 1931 இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்ரைன்' படத்தின் தொடக்க எழுத்துக்களிலே, பூதமாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியே இடப்பட்டிருந்தது. படமுதலாளிக்கு அது விளம்பர உத்தி, உழைத்தவனுக்கோ பெயரிழப்பு.

அக்கேள்விக்குறிக்குப் பின்னால் நின்றவர் போரிஸ் கார்லொவ். 1887 இல் லண்டனில் பிறந்த அவர், சுமையேற்றும் வண்டி ஓட்டியும் கூலிவேலை செய்தும் வயிறு வளர்த்தவர். ஒப்பனையாளர் ஜாக் பியேர்ஸ் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் அவர் முகத்தின்மீது இன்னொரு முகத்தைக் கட்டியெழுப்பினார். அதைத் தாங்கிக்கொண்டே, கனத்த காலணியுடன், வெப்பம் மிக்க விளக்குகளின் கீழ் அவர் நடித்தார். சக நடிகரைத் தூக்கிக்கொண்டு மேட்டிலேறும் காட்சி மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டதில் முதுகு நொந்தது. அந்நோவு பின்னும் அவரை விடவில்லை. பிற்காலத்து உரையாடல்களில் அவர் நெகிழ்ந்து கூறிய செய்தியொன்றுண்டு: பூதத்தைக் கண்டு அஞ்சியதாகவன்று, அதன்மீது இரங்கியதாகவே சிறுவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒதுக்கப்பட்டவனின் துயரைக் குழந்தைகள் இனங்கண்டுகொண்டார்கள். 1933 இல் ஹொலிவூட் நடிகர்கள் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தபோது, அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவராகக் கார்லொவ் நின்றார். பூதம் கேட்டது இரத்தமன்று, வேலைநேர வரையறை.

'ட்ரகூலா'வாக உலகை நடுங்கவைத்த பேலா லுகோசியின் கதையும் நாம் அறியத்தக்கது. ஹங்கேரியரான அவர், 1919 இல் அந்நாட்டிலே 133 நாள்கள் நிலைத்த சோவியத் குடியரசின் காலத்தில் நடிகர்களைச் சங்கமாகத் திரட்டியவர். புரட்சி வீழ்ந்ததும் உயிர் தப்பி வியன்னாவுக்கும் பேர்லினுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றார். 1931 இல் 'ட்ரகூலா' பெரும் வசூலை ஈட்டியது. அவருக்குக் கிடைத்த ஊதியமோ 3,500 டொலர் மட்டுமே. திரையில் இரத்தம் உறிஞ்சியவர் அவர்; திரைக்கு வெளியே உறிஞ்சியவர் யார் என்பதை வாசகர் அறிவர்.

இந்தியாவின் பேய்ப்பட வரலாறும் ஓர் அகதிக் குடும்பத்தின் வரலாறாகவே விரிகின்றது. கராச்சியில் வானொலிப் பெட்டி விற்றுவந்த எப். யு. ராம்சே, 1947 இன் பிரிவினையால் பம்பாய்க்குப் பெயர்ந்தவர். 1970 இல் அவர் தயாரித்த 'ஏக் நன்ஹி முன்னி லட்கி தீ' தோற்றுப்போயிற்று. ஆயினும், அதில் பிருதிவிராஜ் கபூர் கோர முகமூடியணிந்து களவெடுக்கும் காட்சியை மக்கள் விரும்பிப் பார்த்ததை அவர்தம் புதல்வர் கவனித்தனர். அதன் விளைவே 1972 இல் வந்த 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே'. மகாபலேஸ்வரில் ஒரு விருந்தினர் விடுதியிலேயே தங்கிப் படமெடுத்தார்கள். ஒரு மகன் கதை எழுத, ஒருவர் ஒளிப்பதிவு செய்ய, ஒருவர் ஒலியைப் பதிந்தார், இருவர் இயக்கினர், வீட்டுப் பெண்கள் சமைத்துப் பரிமாறினர். பேய்மாளிகை என்று நாம் அஞ்சிய இடம், உண்மையில் கடனுக்கு அஞ்சிய ஒரு குடும்பத்தின் பட்டறை. 1984 இல் அவர்களது 'புரானா மந்திர்' படத்தில் 'சாம்ரி' என்னும் அரக்கனாகத் தோன்றிய அனிருத் அகர்வால், பொறியியல் கற்றவர். அவருடைய நெடிய உருவமும் முகவெட்டுமே அவருக்கு வேலை தேடித்தந்தன. வேறு வேடங்களுக்கான வாயிலை அடைத்தவையும் அவையே.

நமது யாழ்ப்பாணத்துக்கும் இம்மரபில் ஒரு பங்குண்டு. காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து, 1989 இல் மறையும்வரை, 'அரிச்சந்திர மயான காண்ட'த்தை எண்ணற்ற மேடைகளில் நடித்தார். நள்ளிரவுச் சுடலை, பிள்ளையின் பிணம், காவல்காரன் கைக்கோல் என அச்சத்துக்குரிய யாவும் அதில் உள்ளன. ஆனால் பார்த்தவர் அஞ்சவில்லை, அழுதனர். மன்னன் அடிமையாகிச் சுடலை காக்கும்போது, அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் சிலர்மீது சுமத்திய சமூகம் தன்னைத்தானே ஒருகணம் காண நேர்ந்தது. உயர்ந்த கலை அச்சத்தை இரக்கமாக மாற்றும்.

மாற்றாத அச்சம் என்ன செய்யும்? 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி நாடெங்கும் பரவியது. 22 ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதரைத் துரத்திய மக்கள், அவர்கள் படைமுகாமுக்குள் மறைந்ததாகக் குற்றஞ்சாட்டினர், படைத்தரப்பு மறுத்தது. அன்றிரவே படையினர் வீடுகளுக்குட் புகுந்து அடித்தனர். ஏறத்தாழ நூறு பேர் கைதாயினர். பாதிக்கப்பட்டோர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். இந்தப் பூதத்துக்கு ஒப்பனை செய்தவர் யார், செலவழித்தவர் யார் என்பதைச் சொல்ல எந்த எழுத்தும் திரையில் ஓடவில்லை.

திரைப் பேயின் ஒப்பனை அறைக்குள் நுழைந்தவனுக்குக் கிடைக்கும் பாடம் எளியது: அச்சம் தானாகத் தோன்றுவதன்று, அஃது ஆக்கப்படுவது. ஆக்குவோரும், கூலிக்கு உழைப்போரும், ஆதாயம் பெறுவோரும் அதற்கு உண்டு. பேயுண்டா இல்லையா என்று மாணவரோடு வாதிடுவதிலும், இப்பேயை ஆக்கியவர் யார், யாருக்காக என்று வினவப் பழக்குவது பயனுடைத்து. அவ்வினாவைத் திரையரங்கில் கேட்கக் கற்றவன், தெருவிலும் கேட்பான்.