எருக்கிலையும் நானோ குழாயும்

2006இல் ட்ரெஸ்டனைச் சேர்ந்த பாஃப்லர் குழு, 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றில் கார்பன் நானோ குழாய்களைக் கண்டது. உடனே 'நம்ம முன்னோருக்கு அப்பவே நானோ தெரியும்'னு மார்தட்டல் ஆரம்பமாயிற்று. இவ்வகை வாள்களின் மூலப்பொருள் தென்னிந்திய 'ஊட்ஸ்' உருக்கு.

சேலம் ஜில்லாவில் (1965 வரை தருமபுரியும் அதற்குள்தான்) கம்பெனி அதிகாரியாயிருந்த ஹீத், மூசைக்குள் இரும்பு, ஆவாரங்கட்டை, எருக்கிலை வைத்துக் களிமண்ணால் அடைத்து உருக்கும் முறையை எழுதிவைத்தார். கட்டையும் இலையும் தந்த கரி இரும்பில் கலந்தது. 1819இல் ஃபாரடே ஊட்ஸின் தரத்துக்கு அலுமினியத்தைக் காரணம் காட்டினார். விளக்கம் தவறியது, உலை தவறவில்லை.

வாளுக்கு அசதுல்லா பெயர் இருக்கு, ஆய்வுக்குப் பாஃப்லர் பெயர் இருக்கு. மூசையை அடைச்ச கைக்குப் பெயரில்லை. 'முன்னோர்' என்று பொதுவாகச் சொல்கையில் அந்த உலைக்காரரின் சாதியும் கூலியும் எங்கே போகின்றன?