சங்குப்பூ ஐஸ் டீ: சீனி போடாமல் வீட்டிலேயே செய்வது எப்படி?

சிங்கப்பூரில் பாட்டில், டின் பானங்களுக்கான நியூட்ரி-கிரேட் முறை 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராமுக்குள் இருந்தால்தான் 'ஏ' கிடைக்கும். 5 கிராம் வரை 'பி', 10 வரை 'சி', அதற்கும் மேல் 'டி'.

8 கிராம் உள்ள 'சி' பானத்தை எடுத்துக்கொள்வோம். 500 மில்லிலிட்டர் பாட்டிலில் 40 கிராம் சீனி. அதாவது 8 தேக்கரண்டி!

அப்போ வீட்டில் போட்டால் தானாகவே ஆரோக்கியமா? அதில் என்ன ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

என்ன வேண்டும்?

தண்ணீர் 1 லிட்டர், செராய் 2 தண்டு, காய்ந்த சங்குப்பூ 15, அன்னாசித் துண்டுகள் 100 கிராம், எலுமிச்சை ஒன்று. நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இதே சங்குப்பூதான். கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம்.

எப்படிச் செய்வது?

செராயை நசுக்கி 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்து, பூவைப் போட்டு 5 நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, ஆறியதும் அன்னாசியைச் சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்தால் போதும். தேயிலையே இல்லாததால் காஃபீனும் இல்லை.

பூவிலுள்ள ஆந்தோசயனின் எனும் நிறமி புளிப்பு பட்டால் நிறம் மாறும். அன்னாசியே நீலத்தை ஊதாவாக்கிவிடும். எலுமிச்சை பிழிந்தால் இன்னும் சிவக்கும். படம் எடுக்க நீலமாகவே வேண்டுமா? பழத்தைக் கடைசியில் போடுங்கள்.

சீனிக் கணக்கு

100 கிராம் அன்னாசியில் சீனி ஏறத்தாழ 10 கிராம். அது முழுவதும் இறங்கினாலும் 100 மில்லிலிட்டருக்கு 1 கிராம்தான். ஆனால் 2 மேசைக்கரண்டி தேன் விட்டால் மேலும் 34 கிராம் கூடிவிடும். "தேன்தானே, இயற்கைதானே" என்போம். உலகச் சுகாதார நிறுவனம் தேனையும் குறைக்கவேண்டிய சீனிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. பழச்சாறும் அதில் உண்டு. அதனால் பழத்தைப் பிழியாமல் துண்டாகப் போட்டு, கடைசியில் அதையும் சாப்பிட்டுவிடுங்கள்.

சங்குப்பூ ஞாபகசக்தியைக் கூட்டும், முடி வளர்க்கும் என்றெல்லாம் காணொளிகள் வருகின்றன. மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் குறைவு, எனவே அதை நம்பிக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நம் வெயிலுக்கு வெளியே வைத்தால் சீக்கிரம் கெடும். குளிரில் வைத்து, மறுநாளுக்குள் குடித்து முடியுங்கள்.