தேங்கும் நீரும் முன்னோக்கும் மதியும்

நீரைத் தேக்குதல் ஒரு கலை; தேக்கிய நீரை அளவறிந்து விடுதல் அதனினும் அரிய கலை. இலங்கையின் கீழ்க்கரையிலே, பட்டிப்பளை ஆற்றின் கீழ்நிலத்தில் அமைந்த நிந்தவூர், ஒலுவில் முதலிய ஊர்களின் நெல்வயல்கள் இவ்விரு கலைகளையும் நம்பி வாழ்வனவாகும்.

அடியில் துளையுள்ள குடத்திலே நீர் வார்த்தால், மட்டம் உயர உயர ஒழுக்கும் மிகும். ஈற்றில் வரவும் செலவும் ஒத்து, மட்டம் தானாகவே நிலைபெறும். மனிதர் திறந்து மூடும் மதகையுடைய குளத்தின் இயல்போ வேறு. வரவு சிறிதே மிகுந்தாலும் மிச்சம் நாள்தோறும் திரளும். செலவு மிகுந்தால் குறை திரளும். அங்கே பிழை தானே திருந்துவதில்லை. நீராவிக் கொதிகலனின் நீர்மட்டமும் இவ்வினத்ததே. அது தாழ்ந்தால் குழாய்கள் கருகும். மிக உயர்ந்தால் ஆவியோடு நீரும் கலந்து செல்லும்.

இத்தகைய திரட்சியை அடக்க மனிதர் நெடுங்காலம் முயன்றுள்ளனர். இலங்கையின் பழங்குளங்களில் மதகோடு இணைந்த கற்கிணறுகள் காணப்படுகின்றன. 'பிசோகொட்டுவ' எனப்படும் இவை, வெளியேறும் நீரை அடக்கியாளும் அமைப்புகளே என ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் விளக்கினார். 1765 ஆம் ஆண்டில் உருசிய நாட்டு இவான் பொல்சுனோவ், கொதிகலனின் நீர்மட்டத்தை மிதவையொன்றினால் தானாகவே சீர்செய்யும் கருவியை அமைத்தார்.

1970களில் பிரான்சில் ரிசாலே என்பவரும், அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனப் பொறியியலாளர் கட்லர் முதலியோரும் முன்னறிந்து ஆளும் முறையொன்றைத் தோற்றுவித்தனர். வருங்காலப் போக்கைக் கணித்துப் பல படிகளுக்குத் திட்டமிடுதல், முதற் படியை மட்டும் செயற்படுத்துதல், மீண்டும் அளந்து திட்டத்தைப் புதுப்பித்தல் என்பதே அதன் சாரம். ஆயினும், மாற்றமொன்றைச் செய்தபின் அதன் விளைவு நிலைபெற்றுவிடும் என்பது தொடக்கக் கணக்குகளின் அடிப்படை. திரண்டுகொண்டே போகும் நீர்மட்டம் அக்கணக்குக்கு அடங்கவில்லை. ஆகவே பொறியியலார் முதலில் சிறு கட்டுப்பாடொன்றினால் மட்டத்தை நிலைநிறுத்தி, அதன்மேல் முன்னோக்கும் முறையை ஏற்றினர்; அல்லது மட்டத்தை விட்டு, அது ஏறியிறங்கும் வேகத்தைக் கணக்கிற் கொண்டனர்.

இவ்வுண்மைக்கு உரைகல்லாக விளங்குகிறது கல்லோயாத் திட்டம். 1949 இல் அதற்கென அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணையின் பின்னே, ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலே இருப்பு நீரைக் கணக்கிட்டு விதைப்புப் பரப்பை முடிவுசெய்வதும் முன்னோக்கே. ஆயினும் தலைப்பில் உள்ளோர் வேண்டியவாறு நீர் எடுத்தால், கடைமடைக்கு அத்திட்டம் வெறும் ஏடாகும்.

1981 இல் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் காற்பங்கே நிரம்பியிருந்தது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இடதுகரையில் அமைப்பாளர்களை அனுப்பின. விவசாயிகள் வாய்க்கால்தோறும் கூடினர்; வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பிலே சேமித்த நீர் கடைமடைக்குச் சென்றது.

பொறியியலார் கருவியால் செய்ததை அவ்விவசாயிகள் ஒற்றுமையாற் செய்தனர். வாய்க்காலில் அன்றாடச் சமநிலை நிலைத்த பின்னரே, போகம் முழுவதற்கும் வகுத்த திட்டம் பயன் தந்தது. கடைமடை உழவனின் வயலுக்கு நீர் எட்டுவதே அத்திட்டம் சரியென்பதற்குச் சான்றாகும்.