உப்பும் ஒளியும்: ரொறன்ரோ 2002



சப்வேயில் போகும்போது டவுன்ஸ்வியூ பூங்கா என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது படைத்தளம். 2002 யூலை 28, ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அந்தத் திடலில் ஒரே திருப்பலியில் கூடினார்கள். அது 'உலக இளையோர் நாள்' மாநாட்டின் நிறைவுத் திருப்பலி. இன்று உங்களுக்கு அந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

இதைத் தொடக்கிவைத்தவர் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். உங்கள் தாத்தா பாட்டி அவரை 'இரண்டாம் அருளப்பர் சின்னப்பர்' என்று சொல்வார்கள், இருவரும் ஒருவரே. 1984ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று அவர் பெரிய மரச்சிலுவை ஒன்றை இளைஞர்களின் கையில் கொடுத்து, உலகெங்கும் சுமந்து செல்லுங்கள் என்றார். அதன்பின் புவனோஸ் அயர்ஸ், டென்வர், மணிலா, பாரிஸ், உரோமை என்று பல நகரங்களில் இளையோர் கூடினார்கள். 1995 சனவரியில் மணிலா மாநாட்டுக்குப் போன அதே பயணத்தில்தான் அவர் கொழும்புக்கும் வந்து, யோசேப் வாஸ் அடிகளை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மறைந்து திரிந்து நம் முன்னோரின் விசுவாசத்தைக் காத்த குரு அவர்.

2001 குருத்தோலை ஞாயிறன்று அந்தச் சிலுவை கனடா இளைஞர்களிடம் வந்தது. அவர்கள் அதை நாடெங்கும் கொண்டு சென்றார்கள். நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து வீழ்ந்த இடத்துக்கும் அதைக் கொண்டுபோய் வைத்துச் செபித்தார்கள்.

அது திருச்சபைக்கு இலகுவான காலம் அல்ல. பிள்ளைகளுக்குச் சில குருக்கள் இழைத்த கொடுமைகள் அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் பெரிய அளவில் வெளிவந்தன. பலர் மனம் நொந்து ஆலயத்தை விட்டே விலகினார்கள். 'இனி யாரை நம்புவது?' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது.

அந்த நேரத்தில்தான் திருத்தந்தை ரொறன்ரோ வந்தார். அவருக்கு 82 வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது, பேச்சும் தளர்ந்திருந்தது. விமானத்திலிருந்து இறங்க மின்தூக்கி ஆயத்தமாக இருந்தும், அவர் படிகளில் ஒவ்வொன்றாகக் கால்வைத்து இறங்கினார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

அந்த வாரம் காலைகளில் ஆயர்கள் பல மொழிகளில் மறைக்கல்வி கொடுத்தார்கள். ஏரிக்கரைப் பூங்காவில் இளைஞர்கள் பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை யூனிவர்சிட்டி அவென்யூவில் சிலுவைப்பாதை நடந்தது. சனிக்கிழமை இரவு டவுன்ஸ்வியூவில் திருவிழிப்பு. மடுத் திருவிழாவில் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கிய பெரியவர்களைக் கேளுங்கள், அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று அவர்களே சொல்வார்கள். விடியற்காலையில் காற்றும் மழையும் கொட்டின. ஆனாலும் நனைந்தபடியே காத்திருந்தார்கள்.

மறையுரையில் திருத்தந்தை எதையும் மூடி மறைக்கவில்லை. சிலர் சிறுவருக்கு இழைத்த தீங்கு தம்மைத் துயரத்தாலும் வெட்கத்தாலும் நிரப்புகிறது என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். அதேவேளை, மனம் தளராதீர்கள், நன்மை செய்யவே விரும்பி உழைக்கும் எண்ணற்ற குருக்களையும் துறவியரையும் நினையுங்கள் என்றார். தாம் முதியவர், அவர்கள் இளையவர். ஆனாலும் இளையோரின் நம்பிக்கையிலேயே தாமும் பங்குகொள்வதாகச் சொன்னார். பலருடைய விசுவாசம் மீண்டும் துளிர்த்தது அந்தச் சொற்களால்தான். குற்றத்தைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ளும் திருச்சபையை மறுபடி நம்ப முடிந்தது.

அவர் கலந்துகொண்ட கடைசி உலக இளையோர் மாநாடு அதுவே. 2005இல் இறைவனடி சேர்ந்தார். 2014இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த மாநாட்டின் கனியாக 2003இல் இந்நகரில் 'சோல்ற் அன்ட் லைற்' என்ற கத்தோலிக்கத் தொலைக்காட்சி பிறந்தது. 'உப்பும் ஒளியும்' என்பதே அப்பெயரின் பொருள்.

மாநாட்டின் மையப்பொருளும் அதுதான். மலைப்பொழிவில் இயேசு தம் சீடரை உப்புக்கும் ஒளிக்கும் ஒப்பிட்டார் அல்லவா? பிள்ளைகளே, அம்மா குழம்புக்குப் போடும் உப்பு எவ்வளவு? ஒரு சிட்டிகை. கரைந்தபின் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே'. 8 இலட்சம் பேரும் மறுநாள் வீடு திரும்பினார்கள். பூங்கா வெறுமையானது. பெருங்கூட்டத்தில் எழும் உற்சாகம் சில நாட்களில் அடங்கிவிடும். வீட்டுச் செபமாலையும் ஞாயிறு திருப்பலியும் பள்ளியில் தனித்திருக்கும் நண்பனோடு போய் அமர்வதுமே அதைக் கரையாமல் காக்கும்.

உறுதிப்பூசுதல் பெற்றதோடு பிள்ளைகள் ஆலயத்தை விட்டு விலகுகிறார்களே என்று கவலைப்படும் பெற்றோரே, அவர்களின் கேள்விகளுக்கு அஞ்சாதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள்; அவர்களோடு சேர்ந்து முழங்காற்படியிடுங்கள். அடுத்த உலக இளையோர் மாநாடு 2027 ஓகஸ்டில் தென்கொரியாவின் சோல் நகரில் நடக்க இருக்கிறது. நம் பங்கிலிருந்தும் இளையோர் போகட்டும். போக முடியாதவர்கள் இங்கேயே உப்பாக இருப்போம்.

இறைவன் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.